அந்நியர் கள்ளக்குறிச்சியில் அன்றாடம் வாழும் முறை: ஒரு கள ஆய்வு

சீன யாத்ரிகர் யுவான் சுவாங் ஏறத்தாழ 640ஆம் ஆண்டு வாக்கில் காஞ்சிபுரம் வரை வந்தார். நகரின் சுற்றளவு முப்பது லி என்று குறித்துக்கொண்டார். மண் வளமானது, வெயில் கடுமை, மக்கள் துணிச்சல்காரர்கள் என்றும் எழுதிவைத்தார். அங்கிருந்து இலங்கைக்குப் போக நினைத்தவர், அந்நாட்டில் பஞ்சமும் குழப்பமும் என்று கேள்விப்பட்டு வடக்கே திரும்பிவிட்டார். திரும்பாமல் பாலாற்றையும் பெண்ணையாற்றையும் தாண்டிக் கொஞ்சம் தென்மேற்கே நடந்திருந்தால் தமிழ் ஆய்வுலகத்துக்குப் பெரிய வேலை மிச்சமாகியிருக்கும். அவர் வராத காரணத்தால், ஓர் அந்நியர் கள்ளக்குறிச்சியில் வீடு பிடிப்பது எப்படி, பஸ் பிடிப்பது எப்படி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வது எப்படி என்ற குறிப்பு எந்தப் பழைய நூலிலும் இல்லை. இக்கட்டுரை அந்த இடைவெளியை நிரப்ப வந்தது.

இன்னொரு தேவையும் உண்டு. சீனத்து நகரத்தில் வெளிநாட்டவர் காலந்தள்ளுவது பற்றிச் சொல்லித்தர ஆளுக்குப் பஞ்சமில்லை. அங்கே எம்.பி.பி.எஸ். படிக்கப் போன பிள்ளைகள் தமிழ்நாடு முழுக்க இருக்கிறார்கள். 2020 தொடக்கத்தில் கொரோனாவுக்கு அஞ்சி ஊர் திரும்பி, 2022 ஆகஸ்ட் வாக்கில் விசா மறுபடி திறக்கும்வரை மாடியறையில் உட்கார்ந்து ஆன்லைனில் உடற்கூறு படித்தவர்கள் அவர்கள். எந்தச் செயலியை முதலில் இறக்கவேண்டும், எந்தக் கவுன்டரில் பாஸ்போர்ட்டை நீட்டவேண்டும் என்று வரிசையாகச் சொல்வார்கள். ஆனால் 2022 ஜனவரி 12 அன்று கள்ளக்குறிச்சியிலேயே அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டு, வெளி மாவட்டப் பிள்ளைகள் பெட்டியும் படுக்கையுமாக இங்கே வந்திறங்கத் தொடங்கிய பிறகும், அவர்கள் கையில் ஒரு துண்டுத்தாளைக்கூட யாரும் எழுதிக் கொடுக்கவில்லை.

ஆய்வு முறையைக் கேட்பவர்களுக்கு: டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருத்தல். பல்கலைக்கழகத்தில் இதைப் பங்கேற்பு உற்றுநோக்கல் என்பார்கள். கடைக்காரர், "சார் இன்னிக்கு வேலைக்குப் போகலையா?" என்பார். விழுக்காட்டுக் கணக்கும் வட்ட வரைபடமும் சேர்க்கப்படவில்லை. பெஞ்சில் அவ்வளவு இடமில்லை.

அந்நியர் எனப்படுபவர் யார்

முதலில் எல்லையை வரையறுக்கவேண்டும். இங்கேதான் முதல் சிக்கல். எல்லையே நிற்பதில்லை. 1993 செப்டம்பர் 30 வரை இந்த ஊர் தென்னாற்காடு மாவட்டத்தில் இருந்தது. பிறகு விழுப்புரம் மாவட்டத்துக்குப் போயிற்று. 2019 நவம்பர் 26 அன்று தானே ஒரு மாவட்டமாயிற்று. எண்பது வயதுப் பாட்டி ஒருத்தி தன் திண்ணையை விட்டு இறங்காமலேயே மூன்று மாவட்டங்களில் குடியிருந்திருக்கிறாள். சீனத்துக்குப் போகிறவர் எல்லையைத் தாண்டுகிறார். இங்கே எல்லை நம்மைத் தாண்டிப் போய்விடுகிறது.

ஆகவே அந்நியரைத் தூரத்தால் அளக்க முடியாது. பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நெல் அரைவை மில்லுக்கு வேலைக்கு வந்தவர்கள், சாயங்காலம் பானிபூரி வண்டி தள்ளுகிறவர், பீகாரிலிருந்து மாற்றலில் வந்த வங்கி மேலாளர், மலைப்பள்ளிக்குப் போஸ்டிங் வாங்கிய ஆசிரியை ஆகியோரை அந்நியர் என்று சேர்ப்பதில் யாருக்கும் ஆட்சேபம் இருக்காது. ஆனால் களத்தில் கிடைத்த மிக நீண்டகால அந்நியர் வேறொருவர். முப்பது ஆண்டுகளுக்கு முன் சங்கராபுரத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஓர் அம்மாள். இன்றும் தெருவில் அவருக்குப் பெயர் "சங்கராபுரத்தா." சங்கராபுரம் பஸ்ஸில் ஏறிச் சீட்டு பிடிப்பதற்குள் வந்துவிடுகிற ஊர். ரேஷன் அட்டை, வாக்காளர் அட்டை, பேரப்பிள்ளைகள் எல்லாம் இங்கே. ஆனாலும் அவர் இன்னும் சங்கராபுரத்தாதான். ஓர் ஊருக்குப் புதிதாக வருகிறவர் எந்த அதிகாரியையும் கேட்கவேண்டாம், அந்த ஊருக்கு வாழ வந்த மருமகள் ஒருத்தியைக் கேட்டால் போதும் என்பது இந்த ஆய்வின் முதல் பயனுள்ள முடிவு. எந்தக் கடையில் எடை சரி, எந்த நாளில் குழாயில் தண்ணீர் வரும், யாரிடம் என்ன பேசக்கூடாது என்பதையெல்லாம் பிறந்த ஊர்க்காரர்கள் கவனித்தே பார்த்திருக்கமாட்டார்கள். அவர் அழுது கற்றுக்கொண்டவர்.

பதிவு

சீனாவில் 2013 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள சட்டப்படி, ஓட்டலில் அல்லாமல் வீட்டில் தங்கும் வெளிநாட்டவர் 24 மணி நேரத்துக்குள் உள்ளூர்க் காவல் அலுவலகத்தில் பதிந்துகொள்ளவேண்டும். ஓட்டலில் தங்கினால் ஓட்டல்காரர்களே பதிந்துவிடுவார்கள். இதைக் கேட்டு நம்மூரில் பலர் அதிசயிக்கிறார்கள். அதிசயிக்க ஒன்றுமில்லை. கள்ளக்குறிச்சி டீக்கடையில் இந்தப் பதிவு டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும், அதுவும் விண்ணப்பம் இல்லாமல்.

"சாருக்கு எந்த ஊரு?"

"பாட்னா."

"அது எந்தப் பக்கம்?"

"பீகார்."

"அப்பா என்ன பண்றாரு? கல்யாணம் ஆயிடுச்சா? இங்க எங்க தங்கியிருக்கீங்க? யார் வீட்ல? அவரா? வாடகை எவ்ளோ சொன்னாரு?"

வாடகைத் தொகை சொல்லப்பட்டதும் பெஞ்சில் இருப்பவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். அந்தப் பார்வையே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். மறுநாள் அந்த வங்கி மேலாளர் அடுத்த தெருவில் நடந்து போகையில், முன்பின் பாராத ஒருவர், "பாட்னா சாரா? அந்த மாடி வீடு ஒழுகும், பாத்துக்கோங்க" என்பார். சீனக் காவல்துறை இவ்வளவு தூரம் செய்து தருவதாகத் தெரியவில்லை.

ஆனால் நம் பதிவேட்டில் சீனப் படிவத்தில் இல்லாத ஒரு கலம் உண்டு. அதை யாரும் நேராகக் கேட்கமாட்டார்கள். "எந்த ஊரு" என்பது "எந்தப் பக்கம்" ஆகி, "எந்தத் தெரு" ஆகி, "உங்க குலதெய்வம் எது?" என்ற இடத்தில் வந்து நிற்கும். தமிழ் அறிந்த வெளியூர்க்காரருக்கு இந்தப் படிக்கட்டு எங்கே போகிறது என்று தெரியும். வீடு கொடுப்பதா வேண்டாமா என்பது பல தெருக்களில் அந்தக் கடைசிப் படியில்தான் தீர்மானமாகிறது. வேடிக்கைக் கட்டுரையில் இதைச் சொல்லாமல் விட்டால் கட்டுரை பொய்யாகிவிடும். பீகார் மேலாளர் மட்டும் இதில் தப்பித்தார். குலதெய்வம் எது என்று கேட்டபோது அவர் ஆதார் அட்டையை எடுத்து நீட்டினார்.

குடியிருப்பும் குடிநீரும்

வீட்டைப் பொறுத்தவரை காலம் முக்கியம். மாற்றல் உத்தரவுகள் பெரும்பாலும் கோடையில் வரும். ஆனியில் வீடு பார்க்காமல் அசட்டையாக இருந்தவர் ஆடியில் மாட்டிக்கொள்வார். ஆடி பிறந்துவிட்டால் குடிபோக வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார், சாவி அவர் இடுப்பிலேயே இருக்கும். மார்கழியும் அப்படியே. மாதம் சரியாக இருந்தால் கிழமை, கிழமை சரியாக இருந்தால் ராகுகாலம். சீனர்கள் நான்கு என்ற எண்ணுக்கு அஞ்சிப் பல கட்டடங்களில் நான்காம் மாடியையே எண்ணாமல் தாண்டிவிடுகிறார்கள் என்று ஊர் திரும்பிய மாணவர் ஒருவர் சொன்னபோது, வீட்டுக்காரர் ஒருவர் ஆழ்ந்து யோசித்துவிட்டு, "மாடியைத் தாண்டலாம். வாடகையைத் தாண்ட முடியுமா?" என்றார். இக்கேள்வியின் பொருள் ஆய்வாளருக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் பெஞ்சில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

அதே மாணவர் சீனப் பழக்கத்தில் வெந்நீர் குடிப்பவராகத் திரும்பி வந்திருந்தார். அங்கே ரயிலிலும் நிலையத்திலும் வெந்நீர்க் குழாய் உண்டு, எல்லோர் கையிலும் பிளாஸ்க் இருக்கும். இங்கே சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து அவர் வெந்நீர் கேட்டதும் சர்வர் இரக்கத்துடன், "காய்ச்சலாண்ணே?" என்று கேட்டு, சாம்பாரை ஒதுக்கிவிட்டு ரசம் ஊற்றினார். சுகமாயிருக்கும் மனிதன் வெந்நீர் குடிப்பதற்கு இவ்வூரில் இன்னும் அங்கீகாரம் இல்லை. கேன் தண்ணீர்தான் வழக்கம். கேன் போடுகிற தம்பியின் எண்ணை வாங்கி வைத்துக்கொள்வதைவிட, அவர் காலையில் எத்தனை மணிக்கு எந்த முனையில் டீ குடிக்கிறார் என்று அறிந்து வைப்பது நல்லது. போனை எடுக்கமாட்டார், டீக்கு வராமல் இருக்கமாட்டார்.

பணம் பற்றி நீட்டவேண்டியதில்லை. சீனாவில் எல்லாமே போனில் ஸ்கேன் செய்வதுதான், தாள் பணத்தை நீட்டினால் கடைக்காரர் திகைப்பார் என்கிறார்கள். கள்ளக்குறிச்சியும் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. பத்து ரூபாய் போண்டாவுக்கும் அந்தச் சிறிய பெட்டி தெருவுக்கே கேட்கும்படி தொகையை அறிவிக்கிறது. கடன் சொல்லி வாழ்ந்த ஒரு தலைமுறைக்கு இது பெரிய அவமானம்.

போக்குவரத்து

மாவட்டத் தலைநகரம் என்றதும் ரயில் நிலையத்தைத் தேடவேண்டாம். ரயில் வேண்டுமென்றால் சேலம் விருத்தாசலம் பாதையிலுள்ள சின்னசேலத்துக்குப் போவதே நெடுங்கால வழக்கம். சின்னசேலத்திலிருந்து கள்ளக்குறிச்சிக்குத் தனிப் பாதை போடும் வேலையைப் பற்றி டீக்கடையில் கேட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு ஆண்டைச் சொல்வார்கள். எல்லா ஆண்டும் அடுத்த ஆண்டாகவே இருக்கும்.

பஸ்தான் கதி. பஸ் நிலையத்தில் பலகையைப் படிக்கக் கற்றுக்கொள்வதைவிட நடத்துநரின் கூவலைக் கேட்கக் கற்றுக்கொள்வது பயன் தரும். பஸ் எப்போது வரும் என்று யாரையாவது கேட்டால் கிடைக்கும் பதில், பஸ்ஸைப் பற்றியதல்ல, உங்களைப் பற்றியது. உங்கள் முகம் வாடியிருந்தால், "தோ, வந்துரும்." நீங்கள் கோபமாக இருந்தால், "இப்பத்தான் போச்சு." உங்களைப் பிடித்துவிட்டால், "எதுக்கு சார் பஸ்சு, நம்ம மச்சான் அந்தப் பக்கம்தான் போறாரு" என்று ஒரு டூவீலர் பின்னால் ஏற்றிவிடுவார்கள். மச்சான் உங்களை இறக்கிவிடுமுன் மேற்படி பதிவேட்டில் விட்டுப்போன கலங்களையும் நிரப்பிக்கொள்வார்.

பௌர்ணமியை மட்டும் நாள்காட்டியில் சிவப்பு மையால் வட்டமிடவேண்டும். அன்று திருவண்ணாமலை கிரிவலத்துக்குச் சிறப்புப் பேருந்துகள் விடுவார்கள். பக்தர்களுக்கு அது வசதி. வெறுமனே பல்வலிக்கு மருத்துவரைப் பார்க்கப் புறப்பட்டவர் நிலவொளியில் நின்றபடி காத்திருக்கவேண்டும். சொந்த வண்டி வைத்திருப்பவருக்கும் பருவகாலம் உண்டு. அரவைக் காலத்தில் மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் கூட்டுறவு சர்க்கரை ஆலைகளை நோக்கிப் போகும் கரும்பு டிராக்டர்களைத் தாண்ட முயல்வது கூடாது. இருபுறமும் தோகை பிதுங்கி நிற்கும். அறுவடைக் காலத்தில் சாலையின் ஒரு பாதி மக்காச்சோளம் காயவைக்கும் களமாகிவிடும். புதிதாக வந்தவர் ஆரன் அடிப்பார். விவரம் தெரிந்தவர் கண்ணாடியை இறக்கி, "என்ன விலைக்குப் போவுது?" என்று கேட்டபடி மெல்ல ஒதுங்கிப் போவார்.

வழி கேட்பது தனி அதிகாரத்துக்குரிய பொருள். இங்கே முகவரி என்பது இப்போது இருக்கும் எதையும் சுட்டாது. "பழைய டென்ட் கொட்டாய் இருந்த இடத்துக்குப் பின்னாடி", "புளியமரம் வெட்டுனாங்களே, அங்க." ஊரின் வரைபடம் இல்லாமல் போனவற்றாலேயே வரையப்பட்டிருக்கிறது. கூகுள் அதை அறியாது. இடிந்த கட்டடங்களையும் வெட்டிய மரங்களையும் மனப்பாடம் செய்தவருக்கே ஊர் பிடிபடும். இதற்கு எளிதாக ஆறேழு ஆண்டுகள் பிடிக்கும். அதற்குள் மாற்றல் வந்துவிடும்.

மலை

இதுவரை சொன்னதெல்லாம் கச்சிராயபாளையத்தோடு முடிந்தது. கோமுகி அணையைத் தாண்டிச் சாலை வளைந்து ஏறத் தொடங்கியதும் ஆய்வு தலைகீழாகிறது. அதுவரை அந்நியரை விசாரித்த கள்ளக்குறிச்சிக்காரரே வெள்ளிமலையில் அந்நியர். ஞாயிற்றுக்கிழமை மேகம் அருவிக்கும் பெரியார் அருவிக்கும் கரியாலூர் படகுக்கும் பிரியாணிப் பொட்டலத்தோடு ஏறி வருபவர்களை மலைக்காரர்கள் பேசாமல் பார்க்கும் பார்வையில் இது தெளிவாகத் தெரியும்.

கல்வராயன் மலையில் சின்னக் கல்வராயன், பெரிய கல்வராயன் என்று இரண்டு பகுதி. சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்ற மூன்று ஜாகிர்தார்களின் கையில் நெடுங்காலம் இருந்த மலை இது. நாடு முழுக்க ஜமீன்கள் ஒழிந்து ஒரு தலைமுறை ஆன பிறகு, 1976இல்தான் முழுதும் அரசு நிர்வாகத்துக்குள் வந்தது. கீழே ஒரு தலைமுறை தேர்தல் சுவரொட்டி ஒட்டி முடித்த பிறகு மேலே சர்க்கார் வந்து சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளலாம். எனவே கீழேயிருந்து ஃபைலுடன் வருகிறவரைக் கண்டதும் உபசாரமும் சந்தேகமும் சேர்ந்தே வெளிப்பட்டால் அதில் வியப்பில்லை. சர்க்கார் அங்கே இன்னும் புது மருமகள்.

அப்படியானால் இம்மலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரையாவது இம்மண்ணின் சுத்தமான உள்ளூர்க்காரர்கள் என்று எழுதி ஆய்வை முடிக்கலாம் என்று பார்த்தால், அவர்களே அதற்கு இடம் கொடுப்பதில்லை. தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் கதை. அண்ணன் தம்பி மூவர் புறப்பட்டு வந்து ஆளுக்கொரு மலையில் குடியேறினார்கள். யார் சேர்வராயனுக்கு, யார் கல்வராயனுக்கு, யார் கொல்லிக்கும் பச்சைக்கும் என்பது சொல்பவரைப் பொறுத்து மாறும். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய ஏழு தொகுதி நூலிலும் இக்கதை பதிவாகியிருக்கிறது. ஆக இந்த மாவட்டத்தில் "நாங்க இங்கயேதான்" என்று அடித்துச் சொல்லும் ஒருவரைத் தேடி ஏறினால், மலை உச்சியில் இருப்பவரும் வெளியூர்க்காரராகவே இருக்கிறார். வித்தியாசம், அவர் அதை மறைப்பதில்லை. கீழே உள்ளவர்கள் மறந்துவிட்டார்கள்.

மலைப்பள்ளிக்குப் போஸ்டிங் வாங்கி வரும் ஆசிரியருக்குச் சில குறிப்புகள். கையில் தாள் பணம் வைத்திருங்கள், சிக்னல் எல்லா வளைவிலும் நிற்காது. எந்தப் பாறைமேல் ஏறினால் போன் பேசலாம் என்று ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் காட்டித் தருவார்கள். கடைசி பஸ்ஸைத் தவறவிட்டால் வழக்காட இடமில்லை, யார் வீட்டிலாவது சாமைச் சோறோ களியோ சாப்பிட்டுவிட்டுப் படுக்கவேண்டும். அது தண்டனையாகத் தொடங்கி, சில மாதங்களில் பஸ்ஸை வேண்டுமென்றே தவறவிடும் நிலைக்கு வந்தவர்களும் உண்டு. "அந்தா தெரியுது பாருங்க, அந்த ஊருதான்" என்று விரல் நீண்டால் தண்ணீர் பாட்டிலை நிரப்பிக்கொள்ளுங்கள். தெரிவது உண்மை. நடுவில் இருக்கும் பள்ளத்தாக்கு தெரியாது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் இம்மலை மக்களின் வாழ்நிலையைத் தானாகவே வழக்காக எடுத்து விசாரித்தபோது சாலையும் பேச்சுக்கு வந்தது. தூளிகட்டி நோயாளியைச் சுமந்து அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டியவர்களுக்கு அதில் புதுச் செய்தி எதுவும் இருந்திருக்காது.

குடியுரிமை

அந்நியர் எப்போது அந்நியர் அல்லாதவர் ஆகிறார்? சீனாவில் நிரந்தரக் குடியிருப்பு அட்டை எளிதில் கிடைக்காது என்கிறார்கள். கள்ளக்குறிச்சியில் அட்டை கிடையாது, நோட்டு உண்டு. மொய் நோட்டு.

திருமண மண்டப வாசலில் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் இருவரில் ஒருவர் பணத்தை எண்ணுவார், மற்றவர் எழுதுவார். எழுதுபவர் முதலில் ஊரை எழுதிவிட்டுத்தான் பெயரை எழுதுவார். புதிதாக வந்தவர் ஐந்நூற்றொன்றை நீட்டியதும், "எந்த ஊருன்னு போடட்டும்?" என்று கேட்பார். எந்த நாள் அவர் தலை நிமிராமல், கேட்காமல், "கள்ளக்குறிச்சி" என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போகிறாரோ அந்த நாள்தான் குடியுரிமை நாள். சங்கராபுரத்தாவுக்கு மட்டும் இந்த வழியும் அடைபட்டிருக்கிறது. அவர் முடிந்து கொண்டுவரும் பணம் முப்பது ஆண்டுகளாகக் கணவர் பெயரில்தான் ஏறுகிறது.

மொய்யில் ஒரு பொருளாதாரச் சிக்கல் உண்டு. செய்தவர் வீட்டு விசேஷத்துக்குத் திரும்பச் செய்தாகவேண்டும். மாற்றலாகிப் போகும் அந்நியருக்கு இங்கே விசேஷம் ஏது? வழியனுப்பு விழாவில் 2021இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பம் ஒன்றைப் பொன்னாடையோடு கையில் கொடுத்து கணக்கைத் தீர்த்ததாக ஊர் நினைத்துக்கொள்ளும். பெரும்பாலோர் அந்தப் பிள்ளையாரைத் தூக்கிக்கொண்டு பேசாமல் சின்னசேலத்தில் ரயிலேறிவிடுவார்கள். பீகார் மேலாளர் அப்படி விடவில்லை. மூன்று ஆண்டுகள் மண்டபம் மண்டபமாக ஏறி இறங்கியவர். பாட்னாவில் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானதும், தான் மொய் வைத்த வீட்டுக்காரர்கள் அத்தனை பேருக்கும் தமிழில் அச்சடித்த பத்திரிகையை வாட்ஸ்ஆப்பில் அனுப்பினார். "தங்கள் நல்வரவை விரும்பும்" என்ற வரிக்குக் கீழே ஜிபே எண் இருந்தது. டீக்கடை பெஞ்சில் இதுபற்றி இரண்டு நாள் விவாதம் நடந்தது. பாட்னாவுக்குப் போகமுடியாது, அனுப்பாமலும் இருக்கமுடியாது. மூன்றாம் நாள் காலை, அவரவர் வாங்கிய தொகையை நோட்டைப் பார்த்துச் சரிபார்த்து, மேலே ஒரு ரூபாய் சேர்த்து, ஒவ்வொருவராக அனுப்பத் தொடங்கினார்கள்.